லைவ் மாமா

சாரங்கபாணி கோயில் சித்திரைத் தேர் லைவ் மாமா வீட்டிலிருந்து நாலு தெரு தள்ளித்தான் ஓடுகிறது. வடம் பிடிப்பவர்கள் போடும் கோஷம் அவர் திண்ணைக்கே கேட்கும். அந்த நேரம் மாமா ஈசிசேரில் சாய்ந்து, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, யூடியூபில் தேர் பார்த்துக்கொண்டிருப்பார். “அங்க போனா முன்னாடி நிக்கறவன் முதுகுதான்டா தெரியும். இங்க பெருமாளே தெரியறார்” என்பது அவர் கட்சி. வெளியே அதிர்வேட்டு கேட்டு, அரை நிமிஷம் கழித்துப் போனிலும் அதே வேட்டு வெடித்தபோது, “ரெண்டு வேட்டா போட்டா?” என்று கேட்டவர்.

கும்பகோணத்தில் இவரைப் போல் இப்போது வீதிக்கு ஒருவர். மாமாவுக்கு உபதேசம் ஆனது 2020 பிப்ரவரி 5, தஞ்சைப் பெரிய கோயில் குடமுழுக்கு அன்று. 23 வருஷம் கழித்து நடந்த வைபவம். நாற்பது கிலோமீட்டர் பஸ்ஸில் போன மாமி, கூட்டத்தில் நசுங்கி, கலசம் இருக்கும் திசையைக் கும்பிட்டுவிட்டுத் திரும்பினாள். மாமா கூடத்தில் உட்கார்ந்தபடி கலசத்தில் தீர்த்தம் விழுந்ததையே பார்த்தார். அடுத்த மாதம் ஊரடங்கு. கல்யாணம், சஷ்டியப்த பூர்த்தி எல்லாம் லிங்க்காகவே வர ஆரம்பித்தன. அப்புறம் மாமா திண்ணையை விட்டு இறங்கவில்லை.

எதை எதில் பார்ப்பது என்பதில் அவருக்கு ஆசாரம் உண்டு. விசேஷங்களுக்கு யூடியூப். ஓடிக்கொண்டிருக்கும்போதே பின்னால் இழுக்கலாம் என்பது அதன் மகிமை. மாங்கல்யதாரணத்தின்போது கேஸ்காரர் பெல் அடித்தால், எழுந்துபோய் வந்து, மாப்பிள்ளையை மறுபடி தாலி கட்ட வைப்பார். முடிந்த பிறகும் வீடியோ பெரும்பாலும் அப்படியே கிடக்கும். விளம்பரம்தான் இம்சை. திருவையாற்றுப் பஞ்சரத்னத்தில் ஆரபி முடிந்து வராளி எடுக்கிற இடத்தில் பிளைவுட் விற்பார்கள். ஓரமாக ஓடும் சாட்டில் யாராவது “ஆடியோ வரலை” என்று போட்டுக்கொண்டே இருப்பார்கள். அந்த யாராவது அநேகமாக மாமாதான்.

ஃபேஸ்புக் உறவுக்காரர்களுக்கு. கமென்ட் போட்டவர் பேரும் மூஞ்சியும் தெரிவதால், எந்த சம்பந்தி வாழ்த்தவில்லை என்று கணக்கெடுக்க வசதி. ஆனால் ரிசப்ஷனில் சினிமாப் பாட்டு போட்டால் காப்புரிமை என்று சத்தத்தை அமுக்கிவிடும். பெண்ணும் மாப்பிள்ளையும் ஊமைப் படத்தில் ஆடுவார்கள்.

இன்ஸ்டாகிராம் மருமகள் கட்சி. நெட்டுக்குத்தாகக் காட்டுவதில் பந்தியின் நீளம் தெரியாது, ஒரே ஒரு இலைதான் தெரியும். லைவை நிறுத்தும்போது போட்டவர் நினைவாக எடுத்து வைக்காவிட்டால், போச்சு. மச்சினர் பெண்ணின் வளைகாப்பு அப்படித்தான் போனது. மாமாவுக்கு இன்னும் ஆறவில்லை, அவர் அதில் பாதி நேரம் தூங்கினார் என்றாலும்.

பேரன் ட்விட்ச் பார்ப்பான். எவனோ எங்கேயோ கேம் ஆடுவதை இவன் உட்கார்ந்து பார்க்கிறானே என்று மாமா தலையில் அடித்துக்கொள்வார். அடித்துக்கொண்டே, சேப்பாக்கத்தில் யாரோ ஆடுவதை ஜியோஹாட்ஸ்டாரில் பார்ப்பார்.

அங்கேதான் வம்பு. பக்கத்து வீட்டில் கேபிள். அவர்கள் “அவுட்” என்று அலறும்போது மாமா போனில் பௌலர் இன்னும் ஓடி வரவே ஆரம்பித்திருக்க மாட்டார். “இது என்னடா லைவ்?” என்று என்னைப் பிடித்துக்கொண்டார். படத்தைத் துண்டு துண்டாக நறுக்கி அனுப்புகிறார்கள், நடுவில் தடங்காமல் இருக்க நாலு துண்டைப் போன் சேர்த்து வைத்துக்கொண்டுதான் காட்டும் என்று சொல்லிப் பார்த்தேன். ஏறவில்லை. மேட்டூரில் ஜூன் 12 மதகு தூக்கினால் கல்லணைக்குத் தண்ணீர் வர மூணு நாள் ஆகிறதே, அந்த மாதிரி என்றேன். சட்டென்று புரிந்துவிட்டது. முகம் சிவந்தது. “அப்போ அவன் தலைமடை, நான் கடைமடையா?”

டெல்டாவில் இதைவிடப் பெரிய அவமானம் கிடையாது. மறுநாளே கேபிளுக்குச் சொல்லிவிட்டார், கிரிக்கெட்டுக்கு மட்டும்.

2028இல் மகாமகம். குளம் எட்டு நிமிஷ நடை. அன்றைக்கு நல்ல கேமரா எந்த சேனலில் இருக்கும் என்று மாமா இப்போதே விசாரிக்கிறார்.

“குளிக்கறதையாவது நீங்களே குளிப்பேளா?” என்றாள் மாமி.

“குளிக்காம? யூடியூப்ல ஒவ்வொரு தீர்த்தக் கிணறா நிறுத்தி நிறுத்திப் பார்த்துண்டே தலையில விட்டுக்கறேன். மொத்தம் இருபது. பாத்ரூம்ல ரெண்டு பக்கெட் ரொப்பி வெச்சுடு” என்றவர், என் பக்கம் திரும்பி, தண்ணி படாத போன் உறை எங்கே கிடைக்கும் என்று கேட்டார்.