சிறுநீர்க் குழாயில் தொடங்கிய கதை

அசோக் நகரில் காலை வாக்கிங் போகும் பெரியவர்கள் பெஞ்சில் உட்கார்ந்ததும் பேச்சு ஸ்டென்டுக்கு வந்துவிடும். "எனக்கு ரெண்டு. உங்களுக்கு?" "மூணு சார்." மூன்று வைத்தவர் முகத்தில் ஒரு ஜமீன்தார் களை. அந்தச் சொத்தின் மூலப்பத்திரத்தைப் புரட்டினால் முதல் பக்கத்திலேயே ஒரு தில்லுமுல்லு இருக்கிறது.

1929. பெர்லினுக்குப் பக்கத்தில் எபர்ஸ்வால்டே. வெர்னர் ஃபோர்ஸ்மான் என்ற இளம் டாக்டருக்குக் கை ரத்தநாளம் வழியாக இதயம்வரை குழாய் விட்டுப் பார்க்க ஆசை. பெரிய டாக்டர் "கூடவே கூடாது" என்றார். இதயத்தைத் தொட்டால் ஆள் காலி என்பது அன்றைய வேதம். இவர் போய், கருவி அலமாரிச் சாவி வைத்திருந்த நர்ஸ் கெர்டா டிட்சனைக் கரைத்தார். "எனக்கே செய்யுங்கள்" என்று அந்தப் பெண் மேஜையில் படுத்தார். அவரைக் கட்டிப்போட்டுவிட்டு, தன் கையைக் கீறி, 65 சென்டிமீட்டர் சிறுநீர்க் குழாயைச் செருகிக்கொண்டார் ஃபோர்ஸ்மான். ஆமாம், சிறுநீர்க் குழாய்தான். இதயத்துக்கென்று அன்று யார் செய்து வைத்திருந்தார்கள்? பிறகு கட்டை அவிழ்த்து, கோபத்திலிருந்த நர்ஸையே துணைக்கு அழைத்துக்கொண்டு, குழாய் தொங்கத் தொங்க எக்ஸ்ரே அறைக்கு நடந்தார். படம் சாட்சி சொன்னது.

சன்மானமாக, பிற்பாடு பெர்லினில் வேலை போனது. நடுவில் நாஜிக் கட்சியில் வேறு சேர்ந்தார். அதற்கு எந்த எக்ஸ்ரேயும் சமாதானம் சொல்லாது. கடைசியில் சிறுநீரக மருத்துவரானார். குழாய் சொந்த ஊர் திரும்பியது. 1956-இல் நோபல் பரிசு!

அடுத்தவர் ஆண்ட்ரியாஸ் குருன்ட்சிக். ஜூரிச்சில் வீட்டுச் சமையலறையில் பலூன் ஒட்டிப் பழகியவர், 1977-இல் அதை ஒரு நோயாளியின் இதய ரத்தக்குழாயில் விரித்து அடைப்பை ஓரங்கட்டினார்.

நம்மூர் சும்மா இருக்கவில்லை. 1975-இலேயே பெரம்பூர் ரயில்வே ஆஸ்பத்திரியில் டாக்டர் கே. எம். செரியன் நாட்டின் முதல் பைபாஸைச் செய்துவிட்டார். அடைப்பைச் சுற்றி லூப் லைன் போடுவது ரயில்வேக்குப் புதிதா என்ன? குருன்ட்சிக்கிடமே பயின்ற மாத்யூ சாமுவேல் களரிக்கல் 1986-இல் சென்னையில் அந்த பலூன் சிகிச்சையை, அதாவது ஆஞ்சியோபிளாஸ்டியை, தொடங்கிவைத்தார்.

பலூனை எடுத்ததும் சில ரத்தக்குழாய்கள் மறுபடி சுருங்கி அடம்பிடித்தன. முட்டுக்கொடுக்க வந்த கம்பிவலைதான் ஸ்டென்ட். 2017 பிப்ரவரியில் மத்திய அரசு அதற்கு விலை வரம்பு வைத்தது: வெறும் உலோகம் 7,260 ரூபாய், மருந்து பூசியது 29,600. அதுவரை மருந்து பூசியதற்கு லட்சத்துக்கு மேலும் கேட்டார்கள், கொடுத்தோம். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மேஜையில் படுத்திருப்பவர் ரங்கநாதன் தெருவில் மாதிரி பேரமா பேசுவார்?