பெண் கொடுக்காத வீடு

எகிப்து அரசகுலத்துக்கு மானம் பெரிது. பாபிலோன் மன்னன் கடஷ்மன் என்லில் பெண் கேட்டபோது, வெளியே பெண் கொடுக்கும் வழக்கமே எங்கள் குலத்தில் கிடையாது என்று மூன்றாம் அமென்ஹோடெப் சொல்லி அனுப்பினார். மித்தானியிலிருந்தும் பாபிலோனிலிருந்தும் பெண் எடுத்தவர்தான் இவர். பாபிலோன்காரரும் லேசுப்பட்டவர் அல்ல. எவளாவது ஓர் அழகியை இளவரசி என்று அனுப்பிவையுங்கள், இங்கே யார் கேட்கப்போகிறார்கள் என்று பதில் போட்டார். ராஜ சம்பந்தங்கள் இந்த லட்சணத்தில் பேசப்பட்டதை, 1887இல் அமர்னாவில் கிடைத்த களிமண் பலகைகள் காட்டிக்கொடுக்கின்றன.

சரி, வெளியே கொடுக்காத மகள்களை என்ன செய்தார்கள்? அமென்ஹோடெப் தன் மகள் சிதாமுனுக்குத் தன்னுடைய பட்டத்து ராணி என்ற பதவியையே கொடுத்தார். வெறும் சடங்குப் பதவிதான் என்று சமாதானம் சொல்லும் அறிஞர்கள் உண்டு. இருக்கட்டும். பெற்ற மகளுக்கு வேறு பதவியே காலியில்லையா?

அவருடைய பேத்தி அங்கெசெனாமுன். அவர் மகன் அக்கெனாதெனுக்கும் நெஃபெர்டிட்டிக்கும் பிறந்த ஆறு பெண்களில் மூன்றாமவள். அப்பாவின் கடவுளான அதென் செல்வாக்கிழந்ததும் அவள் பெயரில் இருந்த அதெனை நீக்கிப் பழைய கடவுளான அமுனை ஒட்டினார்கள். கட்டிவைத்ததோ பத்து வயது நிரம்பாமலே அரியணை ஏறிய துட்டன்காமுனுக்கு. மாற்றாந்தாய் வயிற்றுத் தம்பி என்பதே பலரின் கணிப்பு. தங்க சிம்மாசனத்தின் சாய்மானத்தில், கையில் கிண்ணத்தோடு அவன் தோளில் தைலம் பூசுகிறாள். பார்ப்பவர்கள் உருகுகிறார்கள், என்ன இனிய இல்லறம் என்று.

அந்தச் சிம்மாசனம் கிடைத்தது, 1922இல் தொல்லியலாளர் கார்ட்டர் கண்டுபிடித்த துட்டன்காமுனின் கல்லறையில். அதே கல்லறையில் சித்திர வேலைப்பாடு எதுவுமில்லாத மரப்பெட்டி ஒன்றும் கிடந்தது. உள்ளே இரண்டு சின்னச் சவப்பெட்டிகள், இரண்டு பெண் சிசுக்கள். ஒன்று ஐந்தாறு மாதக் கரு. மற்றது பிரசவத்தை நெருங்கியது. அங்கெசெனாமுன் சுமந்தவை என்பதே பொதுக்கருத்து. தகப்பனின் உட்பெட்டிக்கு 110 கிலோ தங்கம் வார்த்தவர்களுக்கு, இந்தக் குழந்தைகளுக்கு ஒரு பெயர் எழுத மை கிடைக்கவில்லை. செத்தவர் எல்லோருக்கும் போடும் 'ஒசிரிஸ்' என்ற அடைமொழியோடு சரி.

புருஷன் செத்த பிறகு, எனக்குப் பிள்ளை இல்லை, உங்கள் மகன் ஒருவனை அனுப்புங்கள், என் வேலைக்காரனைக் கட்டமாட்டேன் என்று ஹித்தைத்திய மன்னன் சுப்பிலுலியுமாவுக்கு எகிப்திய விதவை ராணி ஒருத்தி எழுதினாள். அது இவளே என்கிறார்கள் பல ஆய்வாளர்கள். அந்த வீட்டுப் பெண் ஒருத்தி வாய்திறந்தே கேட்டாள். மன்னர் நம்பாமல் ஆளனுப்பி விசாரித்து, பிறகே மகன் ஸன்னன்ஸாவை அனுப்பினார். அவன் வந்து சேரவில்லை, வழியிலேயே செத்தான்.

அரியணையில் அரசவையைச் சேர்ந்த கிழவர் ஆய் உட்கார்ந்தார். அவர் பெயரும் அங்கெசெனாமுன் பெயரும் சேர்த்துப் பொறித்த மோதிரம் ஒன்று உண்டு; அதை வைத்துக் கல்யாணம் நடந்திருக்கலாம் என்கிறார்கள். ஆனால் ஆயின் கல்லறைச் சுவரில் அவரோடு நிற்பவள் பழைய மனைவி தேய். பட்டம் கைக்கு வந்த பிறகு அரசகுலத்துப் பெண் எதற்கு? அங்கெசெனாமுனின் கல்லறை இன்றுவரை அடையாளம் காணப்படவில்லை.

எகிப்துக்குப் போகிறவர்களே, துட்டன்காமுனின் தங்க முகமூடியைப் பார்த்து வாய்பிளந்து முடித்ததும், இவன் பெண்டாட்டி எங்கே என்று வழிகாட்டியை ஒரு வார்த்தை கேளுங்கள்.