பூச்சிய நிலை ஊர்திகளின் விண்ணப்பம்

பெறுநர்: மோட்டார் வாகனத் துறை, கலிபோர்னியா மாநிலம், சாக்ரமெண்டோ.

பொருள்: மனித ஓட்டுநர்களைத் தானியங்கி ஊர்திகளாகப் பதிவு செய்யக் கோருதல்.

2025 செப்டம்பரில் சான் புரூனோ நகரில், குடிபோதையில் ஓட்டுவோரைப் பிடிக்கக் காவலர்கள் சோதனை நடத்திக்கொண்டிருந்தபோது, வேமோ நிறுவனத்தின் ஓட்டுநரில்லா வாடகைக் கார் ஒன்று அவர்களின் கண்ணெதிரே விதிமீறி யூ டர்ன் அடித்ததும், மறித்துப் பார்த்தவர்கள் அபராதச் சீட்டை யார் பெயரில் எழுதுவதெனத் தெரியாமல் அதை விட்டுவிட்டதும் துறை அறிந்தவையே. போதைச் சோதனையில் அக்கார் ஐயத்திற்கிடமின்றித் தேறியது என்பதையும் நேர்மை கருதிக் குறிப்பிட வேண்டும்.

அந்தச் சலுகையைத்தான் மனித ஓட்டுநர்களும் கோருகின்றனர். அதற்கு அவர்கள் காட்டும் சான்று வலுவானது. எஸ்.ஏ.இ. எனப்படும் வாகனப் பொறியாளர் அமைப்பு, எல்லாவற்றையும் மனிதரே செய்யும் 0 முதல், எவ்விடத்திலும் மனிதத் துணையின்றி ஓடும் 5 வரை தானியக்கத்தை ஆறு நிலைகளாகப் பகுத்துள்ளது. வரையறுத்த எல்லைக்குள் மட்டும் தாமே ஓடவல்ல மேற்படிக் கார்கள் 4ஆம் நிலையைச் சேர்ந்தவை. 5ஐ எட்டியவர் எவருமில்லை. பூச்சியமும் முறைப்படி ஒரு நிலையே ஆகையால், அந்நிலை ஊர்திகளைப் பதிவேட்டில் சேர்க்கத் துறைக்குத் தடையேதும் இருக்க முடியாது.

பதிவுக்குரிய கடமைகளை ஏற்கவும் விண்ணப்பதாரர்கள் ஆயத்தமாக உள்ளனர். சோதனை ஓட்டத்தில் இயந்திரத்தின் கட்டுப்பாட்டை மனிதர் கைப்பற்ற நேர்ந்த நிகழ்வுகளை நிறுவனங்கள் ஆண்டுதோறும் துறைக்குத் தெரிவிப்பதைப் போல, பக்கத்து இருக்கையிலிருந்து வாழ்க்கைத் துணைவர் "பிரேக்கைப் பிடி!" என்று அலறிய நிகழ்வுகளை இவர்களும் தெரிவிப்பர். அறிக்கை சற்றுப் பருமனாக இருக்கும்.

இனி, பிழை திருத்தம். 2023 அக்டோபரில் குரூஸ் நிறுவனத்தின் ஓட்டுநரில்லாக் கார், வேறொரு வண்டியால் தன் முன் தூக்கியெறியப்பட்ட பெண்ணைச் சுமார் 20 அடி இழுத்துச் சென்றது. துறை அந்நிறுவனத்தின் உரிமத்தை நிறுத்தியது சரியே. ஆயினும் அடுத்த மாதம் 950 கார்கள் 'திரும்பப் பெறப்பட்டதாக' அறிவிக்கப்பட்டதன் பொருள், அவற்றின் மென்பொருள் மாற்றப்பட்டது என்பதே. மனிதரையும் இப்படி ஓரிரவில் புதுப்பிக்க ஏற்பாடு உண்டா என்பதைத் துறை தெரிவிக்க வேண்டும். ஓட்டுநர் பள்ளிகள் முயன்று ஓய்ந்துவிட்டன.

2024இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி, 2026 சூலை முதல் ஓட்டுநரில்லா ஊர்தி விதிமீறினால் காவலர் அதன் தயாரிப்பாளருக்கு விதிமீறல் அறிவிப்பு ஒன்றை வழங்கலாம். அவ்விதியை மனித ஓட்டுநர்கள் முழுமனதுடன் ஏற்கின்றனர்; தங்கள் தயாரிப்பாளர்களான தாய் தந்தையரின் முகவரிகளை இத்துடன் இணைத்துள்ளனர்.

இங்ஙனம்,
பூச்சிய நிலை ஊர்திகள்