ஐயா, ஒரு வாய் காபி

புதிய சேகரகுரு வந்து இறங்கிய முதல் ஞாயிறே வரவேற்புக் கூட்டம் வைத்து, பொன்னாடை போர்த்தி, மைக் கிடைத்தவர்கள் எல்லாரும் அவருக்குப் புத்தி சொல்லித் தீர்த்தாகிவிட்டது. எனக்கு எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. மைக் என் கைக்கு வரவில்லை என்பதும் ஒரு காரணம்தான். அது மட்டுமே காரணம் அல்ல. பிரசங்கம் சுருக்கமாக இருக்க வேண்டுமாம், ஆனால் ஆழமாக இருக்க வேண்டுமாம். வாலிபர்களை அரவணைக்க வேண்டுமாம், கித்தாரை மட்டும் ஆலயத்துக்குள் விடக் கூடாதாம். ஒரு வீடு விடாமல் சந்திக்க வேண்டுமாம், எந்நேரம் கதவைத் தட்டினாலும் ஐயர் பங்களாவிலேயே இருக்கவும் வேண்டுமாம். இதில் எது அந்த மனிதருக்குத் திங்கட்கிழமை உதவும்? சேகரகுருவுக்கு வேண்டிய நடைமுறை ஞானமெல்லாம் மூன்று விஷயத்தில் அடங்கிவிடும்: காணிக்கைக் கணக்கு, கல்லறைத் தோட்டத் தகராறு, வீடு சந்திப்பு. மூன்றையும் சொல்லிவிடுகிறேன். கடைசியில் இருப்பது சின்ன விஷயம், அதை முதலில் முடித்துவிடலாம்.

வீடு சந்திப்பில் ஆளை வீழ்த்துவது காபி. ஊழியத்துக்கு வழி சொல்லிப் புத்தகம் எழுதிய பெரியவர்கள் ஒருவரும் இதைத் தொடவில்லை. இங்கிலாந்துப் போதகர் ஜார்ஜ் ஹெர்பர்ட் கிராமத்துப் போதகரின் கடமைகளைப் பற்றி எழுதிய நூல் அவர் இறந்து பல ஆண்டுக்குப் பிறகு, 1652-இல் வெளிவந்தது. வார நாளில் மத்தியானத்துக்கு மேல் வீடுகளுக்குப் போகச் சொல்கிறார். ஞாயிற்றுக்கிழமை சனங்கள் நல்ல உடுப்போடு நல்ல ஒழுங்கையும் மாட்டிக்கொண்டு வருவார்கள், வேலைக்கு நடுவே போய் நின்றால்தான் ஆள் தெரியும் என்பது அவர் கட்சி. ரிச்சர்டு பாக்ஸ்டர் அவரையும் மிஞ்சியவர். இங்கிலாந்தின் கிடர்மின்ஸ்டரில் போதகராக இருந்த அவரும் உதவியாளரும் வாரந்தோறும் திங்கள், செவ்வாய் இரண்டே நாளில் 15, 16 குடும்பங்களைப் பார்த்து, 800 குடும்பத்துக்கு மேலிருந்த திருச்சபையை ஒரே ஆண்டில் சுற்றி முடிக்கத் திட்டம் போட்டு நடத்தியதை 1656-இல் எழுதிவைத்திருக்கிறார். இந்தக் கணக்கு நம் மூப்பர்கள் காதில் விழுந்தால் சேகரகுரு பாடு திண்டாட்டம்தான். ஆகையால் மிச்சத்தையும் சொல்லிவிட வேண்டும். லண்டனிலேயே முதல் காபிக்கடை திறந்தது 1652-இல். கிடர்மின்ஸ்டர் அடுப்படிகளுக்கு அது வந்துசேர இன்னும் நாள் இருந்தது. அதோடு ஊருக்குள் இருந்த குடும்பங்கள்தான் பாக்ஸ்டரைத் தேடி வந்தன. சுற்றுப்புறத்துக்கு அலைந்தவர் உதவியாளர். பியர் கொடுத்திருப்பார்களே என்று கேட்காதீர்கள், அதைச் சேகர மன்றத்தில் விவாதிக்க முடியாது.

நம் நிலைமை வேறு. ஐயா படியேறியதும் டிவி அணைகிறது, பிளாஸ்டிக் நாற்காலியில் துண்டு விரிகிறது, மின்விசிறி முழு வேகத்தில் சுற்றுகிறது. அந்த நொடியிலேயே அடுப்படியில் பாத்திரம் உருளும் சத்தம் கேட்கிறது. “ஒண்ணும் வேண்டாம்மா, இப்பத்தான் குடிச்சேன்” என்பதை நம் பெண்கள் மறுப்பாக எடுத்துக்கொள்வதில்லை. அதைப் பண்பாக எடுத்துக்கொண்டு இன்னொரு கரண்டி சர்க்கரை சேர்க்கிறார்கள். “சீனி இல்லாம” என்று வெட்கத்தை விட்டுச் சொன்னால், “கருப்பட்டிதான் ஐயா, உடம்புக்கு ஒண்ணும் செய்யாது” என்று பதில் வருகிறது. வருவது விளிம்பு தட்டும் டம்ளர்; மேலே ஆடை, அடியில் கரையாத கருப்பட்டி மண்டி, பக்கத்துத் தட்டில் முறுக்கு. முறுக்கைத் தொடாவிட்டால் பழசு என்று நினைத்துவிட்டார் என்று வருத்தம். தொட்டால் இன்னொன்று வரும். ஒரு மாலையில் எட்டு வீடு, வீட்டுக்கு இரண்டு கரண்டி, கரண்டிக்கு 4 கிராம் என்றால் 64 கிராம் சர்க்கரை உள்ளே போகிறது. நாளொன்றுக்கு 50 கிராமுக்குள் நிறுத்து, முடிந்தால் 25-இல் நிறுத்து என்பது உலக சுகாதார நிறுவனத்தின் யோசனை. இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் 10 கோடிக்கு மேல் என்று 2023-இல் ஐசிஎம்ஆர் ஆய்வு சொன்னது. அவர்களில் ஆயர்கள் எத்தனை பேர் என்று யாரும் தனியாக எண்ணவில்லை. எண்ணினால் பழி நம் அடுப்படிமேல் விழும்.

விருந்தோம்பல் வேத சம்மதம் இல்லையா என்று கேட்பார்கள். லூக்கா பத்தாம் அதிகாரத்தில், எழுபது பேரை அனுப்பும்போது வைத்ததைச் சாப்பிடச் சொன்ன ஆண்டவர், அதே மூச்சில் வீட்டுக்கு வீடு போக வேண்டாம் என்றும் சொல்லியிருக்கிறார். முதல் பாதியை நாம் மனப்பாடமாக வைத்திருக்கிறோம். தீமோத்தேயுவுக்கு அடிக்கடி வயிற்றுக் கோளாறு வந்ததைப் பவுல் நிருபத்தில் குறிப்பிடுகிறார். அந்த இளைஞர் வீடு சந்திப்பில் கெட்டிக்காரராக இருந்திருக்க வேண்டும் என்பது என் ஊகம். இன்னொரு ஆட்சேபம் மட்டும் கனமானது, அதில் கேலிக்கு இடமில்லை. இந்த மண்ணில் யார் வீட்டில் கை நனைக்கிறோம் என்பதற்கு ஒரு பொருள் உண்டு. 1847-இல் அமெரிக்க மதுரை மிஷன், சாதியை விட்டதற்கு அடையாளமாக எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடச் சொன்னபோது, ஊழியர்களில் பலர் சாப்பாட்டுக்குப் பதில் வேலையை விட்டார்கள். அந்தக் கதை இன்னும் முடியவில்லை என்பது நமக்கும் தெரியும். ஆகவே தெருக்கோடி வீட்டில் தருகிற காபியை ஐயா கடைசிச் சொட்டுவரை குடித்தே ஆக வேண்டும். அதற்கு வயிற்றில் இடம் இருக்க வேண்டுமானால் செயலாளர் வீட்டில், பொருளாளர் வீட்டில், பெருமன்றத் தேர்தலில் நிற்கப் போகிறவர் வீட்டில் வேண்டாம் என்று சொல்லத் தெரிய வேண்டும். இந்த இடத்தில்தான் சனங்கள் கணக்குப் போடுகிறார்கள். காணிக்கைக் கணக்கில் வராத துல்லியம் இதில் வரும்: அந்த வீட்டில் முழு டம்ளர் குடித்தாராம், நம் வீட்டில் தண்ணீரோடு எழுந்துவிட்டாராம். மூன்று வாரத்தில் அது ஒரு கட்சியாகிவிடும்.

ஆராதனை முடிவில் காபி வேண்டாமென்று ஓர் அறிவிப்பு வாசித்துவிட்டால் போதாதா என்று சில நல்லவர்கள் கேட்கலாம். வாசித்துப் பாருங்கள். மறுநாளே காபி நின்றுவிடும், ஹார்லிக்ஸ் வரும். அதுவும் வேண்டாமென்றால் பையன் சைக்கிளை எடுத்துக்கொண்டு கலர் வாங்கப் போவான். அவன் திரும்பும்வரை ஐயா எழுந்திருக்கக் கூடாது. பனங்காட்டுப் பக்கத்துச் சேகரம் என்றால் சீசனில் பதனீர், அதையும் பனையோலைப் பட்டையில் ஊற்றித்தான் கொடுப்பார்கள். வெள்ளை அங்கியில் சிந்தாமல் பட்டை பிடித்துக் குடிக்கப் பழக முழுசாக ஒரு சீசன் வேண்டும், அதற்குள் இடமாற்ற உத்தரவு வராமல் இருந்தால்.