எண்ணினால் குறையுமா வழக்கு?

கேள்வி: கோர்ட்டில் எத்தனை வழக்கு தேங்கிக் கிடக்கிறது என்று கம்ப்யூட்டரில் கணக்கு வைத்திருக்கிறார்களாமே! எண்ணினால் வழக்கு குறைந்துவிடுமா?
– வாய்தாவுக்கு அலையும் வாசகர், விழுப்புரம்

பதில்: எடை மெஷினில் ஏறி நின்றால் தொந்தி கரையாதுதான். ஆனால், ஏறாதவரை எல்லோரும் தங்களை ஒல்லி என்றே நினைத்துக்கொள்கிறார்களே!

நீங்கள் சொல்லும் கணக்கு, தேசிய நீதித்துறைத் தரவுத் தொகுப்பு என்ற பெயரில் 2015இல் பொதுமக்கள் பார்வைக்கு வந்தது. 2023 செப்டம்பரில் உச்ச நீதிமன்றமும் அதில் சேர்ந்தது. கீழமை நீதிமன்றங்களில் மட்டும் 4 கோடிக்கு மேல் நிலுவை. உங்கள் வழக்குக்கும் 16 இலக்கத்தில் ஓர் எண் உண்டு. தட்டினால் அடுத்த வாய்தா தேதி வந்து நிற்கும். முன்பு அதற்கே பஸ் ஏறிப் போய், குமாஸ்தாவுக்கு டீ வாங்கிக் கொடுக்க வேண்டும்! வக்கீல் வரவில்லை, சாட்சி வரவில்லை, மேல்கோர்ட் தடை என்று தாமதத்துக்கான காரணங்களையும் வகைபிரித்துக் காட்டுகிறார்கள். எங்கே அடைப்பு என்று தெரிந்தால்தானே குத்திவிட முடியும்?

ஓர் ஆபத்தும் உண்டு. முடித்த வழக்குகளின் எண்ணிக்கைக்கே நீதிபதிக்கு மார்க் என்றால், அபராதம் கட்டி முடியும் சில்லறைக் கேஸ்கள் பறந்துவிடும். தாத்தா போட்ட பாகப்பிரிவினை வழக்கு பேரனுக்குச் சொத்தாகிவிடும்.

இன்னொரு கணக்கு: 10 லட்சம் பேருக்கு 50 நீதிபதிகள் வேண்டும் என்று சட்ட ஆணையம் சொன்னது 1987இல். இன்னும் பாதியைக்கூட எட்டவில்லை. அந்தப் பரிந்துரைக்கும் வாய்தாதான்!