வளைந்ததை நிமிர்த்தி, நிமிர்ந்ததை வளைத்து

1958 அக்டோபர் 18. நியூயார்க் மாகாணத்து லாங் ஐலண்டில் இருக்கும் புரூக்ஹேவன் தேசிய ஆய்வகத்தில் பொதுமக்கள் வந்து சுற்றிப் பார்க்கும் நாள். அணு ஆராய்ச்சி நடக்கிற இடம்தான், ஆனாலும் சுவரில் மாட்டிய படங்களை மனுஷன் எவ்வளவு நேரம் பார்ப்பான்? வருகிறவர்களுக்குக் கொட்டாவி வராமல் இருக்க வில்லியம் ஹிகின்பாதம் என்ற இயற்பியலாளர் ஓர் ஆசிலோஸ்கோப்பில் டென்னிஸ் விளையாட்டை அமைத்துவைத்தார். சாமானியர் இல்லை இவர். லாஸ் அலமோஸில் முதல் அணுகுண்டுக்கு மின்னணு வேலை பார்த்துவிட்டு, பிற்பாடு அணு ஆயுதம் பரவக்கூடாது என்று இயக்கம் நடத்தியவர். திரை 5 அங்குலம். பந்து ஒரு புள்ளி, வலை ஒரு கோடு. ஜனம் வரிசைகட்டி நின்று ஆடியது.

மறுவருஷம் அதே விளையாட்டைப் பெரிய திரையில் வைத்தார்கள். உலகின் ஆரம்பகால கேமிங் மானிட்டர்களில் ஒன்று பன்னிரண்டே மாதத்தில் பழசாகிவிட்டது. 24 அங்குலம் வாங்கிய சூடு ஆறுவதற்குள் 27 அங்குலத்துக்கு விலை பார்க்கிற பிள்ளைகளைத் திட்டாதீர்கள். இந்த வியாதி அணு ஆய்வகத்திலேயே தொற்றியது.

அதற்கப்புறம் நடந்ததையெல்லாம் கம்பெனிகள் 'வளர்ச்சி' என்று எழுதிவைத்திருக்கின்றன. என் கணக்கு வேறு. கையில் இருக்கும் நல்லதைத் தூக்கிக் குப்பையில் போடுவது, பத்து வருஷம் கழித்து அதையே புதுக் கண்டுபிடிப்பு என்று இரட்டை விலைக்கு விற்பது. மானிட்டர் சரித்திரம் முழுக்க இந்த ஒரு வியாபாரம்தான்.

1962இல் எம்.ஐ.டி. பையன்கள் ஸ்டீவ் ரஸ்ஸல் தலைமையில் 'ஸ்பேஸ்வார்' எழுதினார்கள். ஆடுவதற்குத் தேவையான பிடிபி-1 கம்ப்யூட்டரின் விலை சுமார் 1,20,000 டாலர். இன்றைக்குக் கிராஃபிக்ஸ் கார்டு விலை கேட்டு நெஞ்சைப் பிடித்துக்கொள்கிறவர்கள் கவனிக்கவும். வட்டத் திரை, ரேடார் வம்சம். அதன் பாஸ்பர் பூச்சு மெதுவாக அணையும் ரகம் என்பதால் விண்கலம் போன பாதையில் மங்கலாக ஒரு வால் தெரியும். எல்லோரும் அதை ரசித்தார்கள். நாற்பது வருஷம் கழித்து எல்சிடி மானிட்டர் அதே வாலைக் காட்டியபோது 'கோஸ்டிங்' என்று பெயர் வைத்து, கடைக்காரனிடம் திருப்பிக் கொடுக்கப் போனார்கள்.

1981இல் ஐபிஎம் தன் பெர்சனல் கம்ப்யூட்டரை இறக்கியது. ஐபிஎம் கண்ணுக்கு மனுஷன் என்றால் கணக்குப்பிள்ளை. அதனால் ஒரு கார்டில் வெறும் எழுத்து மட்டும் வரும்: வரிக்கு 80 எழுத்து, 25 வரி, பச்சை நிறம். படம் கிடையாது. படம் வேண்டும் என்று அடம்பிடிக்கிறவர்களுக்கு சிஜிஏ என்று இன்னொரு கார்டு, 320க்கு 200 புள்ளி, ஒரே நேரத்தில் நான்கு நிறம். எந்த நான்கு என்று கேளுங்கள். கறுப்பு, வெள்ளை, சயான், வாடாமல்லி. உலகத்தில் உள்ள அத்தனை பொருளையும் இந்த நான்கில் வரைய வேண்டும். மரம் சயான், கடல் சயான், வானம் சயான், ராஜகுமாரியின் முகம் வாடாமல்லி. பிடிக்கவில்லையா? பச்சை, சிவப்பு, பழுப்பு என்று மாற்று ஏற்பாடும் இருந்தது. அதில் ராஜகுமாரிக்கு மஞ்சள்காமாலை.

இந்த இடத்தில் ஒரு தாய்லாந்து மாணவர் வருகிறார். வான் சுவன்னுகுல் என்று பெயர். அமெரிக்காவில் முனைவர் பட்ட ஆய்வேட்டைத் தன் மொழி எழுத்தில் ஐபிஎம் கம்ப்யூட்டரில் அடிக்க ஆசைப்பட்டார். எழுத்து கார்டில் அந்த எழுத்துக்களே இல்லை. சிஜிஏ கார்டில் அவற்றை வரையப் புள்ளி போதவில்லை. வேறு யாராக இருந்தாலும் ஆங்கிலத்தில் அடித்துக் கொடுத்துவிட்டுப் பட்டத்தை வாங்கிக்கொண்டு போயிருப்பார்கள். இவர் 720க்கு 348 புள்ளி காட்டும் புதுக் கார்டையே உருவாக்கி, 1982இல் ஹெர்குலிஸ் என்று கம்பெனி தொடங்கி, ஐபிஎம்முக்கே பாடம் எடுத்தார். ஆய்வேட்டுக்குப் பிறந்த கார்டில் ஊர் உலகம் என்ன செய்தது? சிஜிஏ என்று பொய் சொல்லி விளையாட்டுக்களை ஏமாற்றும் குட்டி புரோகிராம் ஒன்றைப் போட்டு கேம் ஆடியது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நம் ஊர்க் கம்ப்யூட்டர் சென்டர்களில், சார் வெளியே போன நேரத்தில், ஒற்றை நிற மானிட்டரில் பிரின்ஸ் ஆஃப் பெர்சியா ஆடியவர்கள் பலருக்கும் அந்தத் தாய்லாந்து மாணவரிடம் ஒரு கடன் உண்டு.

1984இல் இஜிஏ, 16 நிறம். 1987இல் விஜிஏ, 256 நிறம். ராஜகுமாரிக்கு ஒருவழியாக மனுஷத் தோல் வந்தது. இதில் நிறத்தைவிட முக்கியமான சங்கதி ஒன்றை யாரும் பேசுவதில்லை. அந்த 256 நிற விஜிஏ திரை விநாடிக்கு 70 தடவை புதுப்பிக்கப்பட்டது. 70 ஹெர்ட்ஸ், அதுவும் 1987இல். இந்த எண்ணைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வயிற்றெரிச்சலுக்கு உதவும்.

அடுத்து சிஆர்டியின், அதாவது படக்குழாய் மானிட்டரின், பொற்காலம். டூம் விளையாட்டை எழுதிய ஜான் கார்மாக், 1995 வாக்கில் அடுத்த விளையாட்டான குவேக்கை எழுதிக்கொண்டிருந்தபோது எடுத்த ஒரு புகைப்படம் ரொம்பப் பிரசித்தம். அவர் முன்னால் இன்டர்கிராஃப் கம்பெனியின் 28 அங்குல மானிட்டர். 1920க்கு 1080 புள்ளி, எடை 45 கிலோ, விலை ஏறக்குறைய 10,000 டாலர். அவர் எழுதியதை வாங்கி 320க்கு 200இல் ஆடியவனின் திரையைப் போல 32 மடங்கு புள்ளிகள் அவர் கண்முன்னால் இருந்தன. சமையற்காரருக்கு விருந்துச் சாப்பாடு, சாப்பிட வந்தவனுக்குக் கஞ்சி.

சிஆர்டியில் குறை இல்லையா என்றால், வண்டி வண்டியாக உண்டு. 17 அங்குலம் என்று வாங்கினால் கண்ணுக்குத் தெரிவது 16கூட வராது. மிச்சம் பிளாஸ்டிக்குக்குள் ஒளிந்திருக்கும். அமெரிக்காவில் கோர்ட் வரைக்கும் போன பிறகுதான் 'கண்ணுக்குத் தெரியும் அளவு' என்று விளம்பரத்தில் தனியாகப் போட ஆரம்பித்தார்கள். ஸ்பீக்கரைப் பக்கத்தில் வைத்தால் காந்தம் பிடித்து மூலையில் நிறம் திரியும். டீகாஸ் பொத்தானை அழுத்தினால் 'டொய்ங்' என்று திரை ஒரு குலுக்குக் குலுங்கி நிமிரும். தேவையில்லாமல் அதை அழுத்தாதவன் ஒருவன்கூட இருக்க முடியாது. ஒரே படத்தை நெடுநேரம் விட்டால் திரையில் அச்சு விழும். ஸ்கிரீன்சேவர் பிறந்ததே அதற்காகத்தான். கண்ணாடி முன்பக்கம் புடைத்திருக்கும். அந்தப் புடைப்பைத் தட்டையாக்க இன்ஜினியர்கள் தலைகீழாக நின்றார்கள். தொண்ணூறுகளின் கடைசியில் தட்டைக் கண்ணாடி வந்ததும் 'ஃப்ளாட்ரான்', 'டைனாஃப்ளாட்' என்று பெயரிலேயே தட்டையைப் பறைசாற்றினார்கள். இந்தத் தட்டையையும் ஞாபகத்தில் வையுங்கள்.

சோனியின் ஜிடிஎம்-எஃப்டபிள்யூ900 தான் இந்தக் குலத்தின் சக்கரவர்த்தி. 24 அங்குலம், அகலத்திரை, சுமார் 42 கிலோ. செத்துப்போன தொழில்நுட்பம் என்று ஊரே காறித் துப்பிய பிறகும் அதற்கு இன்றுவரை பக்தர்கள் இருக்கிறார்கள், பழைய உருப்படிக்குப் புது மானிட்டரின் விலையும் கொடுக்கிறார்கள். காரணம் இருக்கிறது. சிஆர்டியில் ஒவ்வொரு புள்ளியும் கண நேரம் மின்னி அணைந்துவிடும். அதனால் ஓடுகிற எதிரியைக் கண் பின்தொடரும்போது உருவம் கத்தி வெட்டியதுபோல் தெரியும். கறுப்பு என்றால் கறுப்பு.

2000க்குப் பிறகு எல்சிடி வந்தது. மேஜையில் இடம் மிச்சம், கரண்ட் மிச்சம், முதுகுவலி மிச்சம். ஆபீஸ்காரர்கள் அள்ளினார்கள், சரிதான். கேம் ஆடுகிறவர்கள் ஏன் போய் விழுந்தார்கள் என்பதுதான் எனக்கு இன்னும் பிடிபடவில்லை. எல்சிடி ஒரு படத்தைக் காட்டினால் அடுத்த படம் வரும்வரை அதை அப்படியே பிடித்து வைத்திருக்கும். கண் நகர்ந்துகொண்டே இருக்கும், படம் நிற்கும். பார்ப்பது எல்லாம் மசமச. போதாக்குறைக்குப் பிக்சல் நிறம் மாறுவதற்குள் வில்லன் அடுத்த அறைக்குப் போயிருப்பான். கறுப்புக்குப் பதில் அழுக்குச் சாம்பல். கீழிருந்து பார்த்தால் நிறமே தலைகீழ். இவ்வளவுக்கும் மேலாக 60 ஹெர்ட்ஸ். 1987இல் 70 பார்த்தவன் 2005இல் காசு கொடுத்து 60க்கு இறங்கினான். இதற்குப் பெயர் முன்னேற்றம்.

சரக்கு மட்டமாக இருக்கும்போது எண் பேசும். முதலில் 25 மில்லிசெகண்ட், அப்புறம் 16, அப்புறம் 8, 5, 2, 1. பேனல் இவ்வளவு வேகமாகத் திருந்திவிட்டதா என்றால் பாதி உண்மை. மீதிப் பாதி, அளக்கும் முறையை மாற்றியது. கறுப்பிலிருந்து வெள்ளைக்கும் திரும்பக் கறுப்புக்கும் என்று அளந்ததை விட்டுவிட்டு, சாம்பலிலிருந்து சாம்பலுக்கு என்று ஆக்கினார்கள். பரீட்சையில் எந்தக் கேள்வி வர வேண்டும் என்று மாணவனே முடிவு செய்துகொண்டான். காட்சி இருண்டதும் பேக்லைட்டையே மங்கச் செய்துவிட்டு, '10,00,000க்கு 1 கான்ட்ராஸ்ட்' என்று பெட்டியில் அச்சடித்த கொடுமையும் நடந்தது. விளக்கை அணைத்தால் என் வீட்டுச் சுவருக்கும் அந்தக் கான்ட்ராஸ்ட் உண்டு.

விமோசனம் வேறு வாசல் வழியாக வந்தது. 2009இல் என்விடியா 3டி கண்ணாடி விற்க ஆசைப்பட்டது. கண்ணுக்கு 60 வீதம் இரண்டு கண்ணுக்கு 120 ஹெர்ட்ஸ் வேண்டும் என்று சாம்சங்கும் வியூசோனிக்கும் 120 ஹெர்ட்ஸ் எல்சிடி கொண்டுவந்தன. ஜனங்கள் கண்ணாடியைத் தூக்கி அலமாரியில் போட்டுவிட்டு மானிட்டரை வைத்துக்கொண்டார்கள். அப்புறம் அதே 3டிக்காக பேக்லைட்டை விட்டு விட்டு மின்னவைக்கும் 'லைட்பூஸ்ட்' வந்தது. அதையும் கண்ணாடி இல்லாமல் போட்டுப் பார்த்தவர்கள் கண்ணில் நீர் வந்தது. படம் சிஆர்டிபோலத் தெரிந்தது! இருக்காதா பின்னே? மின்னி அணைவதுதானே சிஆர்டியின் பிழைப்பு.

2013 அக்டோபரில் மான்ட்ரியாலில் என்விடியா 'ஜி-சிங்க்' அறிவித்தது. கிராஃபிக்ஸ் கார்டு படம் முடிக்கும்வரை மானிட்டர் காத்திருக்கும், அதனால் படம் நடுவில் கிழியாது. உண்மையிலேயே நல்ல யோசனை, இந்தச் சரித்திரத்தில் அபூர்வமாக எதையும் திருப்பி விற்காத ஒன்று. ஆனால் அதற்கென்று மானிட்டருக்குள் தனிச் சில்லு, அதற்குத் தனிக் காசு. மூன்று மாதத்தில் ஏஎம்டி ஒரு சாதாரண லேப்டாப்பைக் கொண்டுவந்து, இது சில்லு இல்லாமலே நடக்குமே என்று காட்டி, 'ஃப்ரீசிங்க்' என்று பெயரும் வைத்தது. ஐந்து வருஷம் முறைத்துக்கொண்டிருந்துவிட்டு 2019 ஜனவரியில் என்விடியாவும் சில்லு இல்லாத மானிட்டர்களை ஏற்றுக்கொண்டது. அதுவரை கூடுதல் காசு கொடுத்தவர்களுக்கு ஒரு நன்றி அட்டைகூட வந்ததாகத் தெரியவில்லை.

இதற்கிடையில் தட்டைக்கு என்ன ஆயிற்று? வளைத்துவிட்டார்கள். 2020இல் சாம்சங் ஒடிசி ஜி9, 49 அங்குலம், 1 மீட்டர் ஆரத்தில் வளைவு. வெளியே புடைத்திருந்ததை இன்ஜினியர்கள் பல வருஷம் போராடி நிமிர்த்தினார்கள். அவர்கள் வாரிசுகள் அதை உள்ளே குழித்து அதிக விலைக்கு விற்றார்கள். 2022இல் டெல் ஏலியன்வேர் கியூடி-ஓஎல்இடி மானிட்டர் வந்தபோது விமர்சகர்கள் மயங்கி விழாத குறை. கறுப்பு கறுப்பாக இருக்கிறதாம், பிக்சல் உடனே மாறுகிறதாம். கூடவே இன்னொரு பழைய நண்பனும் திரும்பினான்: ஒரே படத்தை நெடுநேரம் வைத்தால் அச்சு விழும், டாஸ்க்பாரை மறைத்து வையுங்கள், ஸ்கிரீன்சேவர் போடுங்கள். 2023இல் ஏசுஸ் 540 ஹெர்ட்ஸ் மானிட்டர் வரைக்கும் போய்விட்டது. அசையும் உருவத்தை சிஆர்டி அளவுக்குத் தெளிவாகக் காட்ட வேண்டும் என்றால் இன்னும் ஓட வேண்டும் என்கிறார்கள்.

இன்றைக்கு வாங்கப் போகிறீர்களா? முதலில் உங்கள் கிராஃபிக்ஸ் கார்டு என்ன தள்ளும் என்று பாருங்கள். கார்டு விநாடிக்கு 70 படம் தரும் விளையாட்டுக்கு 240 ஹெர்ட்ஸ் மானிட்டர் வீண். ஓரளவு நல்ல கார்டு என்றால் 27 அங்குலம், 2560க்கு 1440, 144 ஹெர்ட்ஸுக்கு மேல், ஃப்ரீசிங்க். பெரும்பாலோருக்கு இது தாராளம். பெட்டியில் '1 மில்லிசெகண்ட்' என்று எழுதியிருந்தால் சிரித்துவிட்டு நகருங்கள். 'எச்டிஆர் 400' ஸ்டிக்கருக்கு ஒரு ரூபாய்கூட அதிகம் கொடுக்காதீர்கள். இருட்டு அறையில் ஆடுகிறவர், கையில் காசும் இருக்கிறது என்றால் ஓஎல்இடி; காலை முதல் மாலை வரை அதிலேயே எக்செல் பார்க்கிறவர் என்றால் வேண்டாம்.

வாங்கி வந்து மாட்டியதும் விண்டோஸில் அட்வான்ஸ்டு டிஸ்ப்ளேவைத் திறந்து ரெஃப்ரெஷ் ரேட் என்னவென்று பாருங்கள். 144, 165 என்று காசு கொட்டி வாங்கிவிட்டு, அது இன்னும் 60இல் கிடப்பது தெரியாமல் 'ஆகா, என்ன வேகம்' என்று வருஷக்கணக்காக வியக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஏற்கெனவே வாங்கிவிட்டவர்களும் ஒரு நடை போய்ப் பார்த்துவிடுங்கள்.