பால் கணக்கும் பைத்தானும்

வங்கியில் 38 வருஷம் கூட்டிக் கழித்தே குப்பை கொட்டியவன் நான். ஓய்வு பெற்றதும் மகள் என் லேப்டாப்பில் பைத்தானை ஏற்றிக் கொடுத்து, "முதல்ல ஒரு கால்குலேட்டர் எழுதுங்கப்பா, ரொம்ப ஈஸி" என்று சொல்லிவிட்டு ஊருக்குப் போய்விட்டாள். 1642-ல் பாஸ்கல், வரி அதிகாரியான அப்பா கணக்குப் போட்டே ஓய்ந்துபோவதைப் பார்த்துவிட்டுக் கூட்டல் இயந்திரம் செய்யக் கிளம்பினாராம். நம் வீட்டில் அப்பனே செய்துகொள்ள வேண்டியதுதான்.

படம், பொத்தான் எதுவும் கிடையாது. கறுப்புத் திரை கேட்கும், நாம் எண்ணைத் தட்டி என்டரை அமுக்க வேண்டும். ஒரு முக்காற்புள்ளி விட்டுப்போனதில் அரை மணி நேரம் போயிற்று, அதை விடுங்கள். ஒருவழியாக ஓடியது. 2 என்றேன், 3 என்றேன், கூட்டு என்றேன்.

23.

இப்படி ஒரு கூட்டலை நான் கவுன்டரில் போட்டிருந்தால் அன்றைக்கே சஸ்பெண்ட். மகளுக்கு போன் போட்டேன். "தட்டறது எல்லாம் எழுத்தாத்தான்பா உள்ள போகும். எழுத்தோட எழுத்தைக் கூட்டினா ஒட்டத்தான் வைக்கும். எண்ணா மாத்த இன்ட் போடுங்க."

போட்டேன். அந்த நேரம் பார்த்து அடுப்படியிலிருந்து பால் கணக்கு வந்தது: பாக்கெட் 22 ரூபாய், 30 நாள். தட்டினேன். 303030 என்று திரை நெடுகப் போய்க்கொண்டே இருந்தது. கேஷியர் புத்தி, எண்ணிப் பார்த்தேன்: 44 இலக்கம்! முதல் எண்ணுக்கு மட்டும் இன்ட் போட்டு இரண்டாவதை மறந்திருக்கிறேன். அது இம்போசிஷன் எழுதும் பையன் மாதிரி 30 என்பதை 22 தடவை எழுதி நீட்டிவிட்டது.

அதைச் சரிசெய்து, சில்லறைக் கணக்கும் வரட்டுமே என்று ஃப்ளோட்டுக்கு மாற்றினேன். 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினால் 0.3, அப்புறம் பதினைந்து பூஜ்யம், வாலில் ஒரு 4. ஒரு ரூபாய் இடித்தாலும் டேலி ஆகாமல் வீட்டுக்குப் போகாத ஆட்கள் நாங்கள். அந்த 4 எங்கிருந்து வந்தது? மூன்றில் ஒன்று நமக்கு 0.333 என்று முடியாமல் ஓடுகிற மாதிரி, இரண்டை வைத்தே எண்ணும் கம்ப்யூட்டருக்குப் பத்தில் ஒன்று முடியாதாம். ஓர் இடத்தில் வெட்டிவிடுகிறது. இதற்கென்று 1985-ல் ஒரு தரமே வகுத்திருக்கிறார்கள். நான் வேலைக்குச் சேர்ந்த வருஷம்! மேனேஜரிடம் இதைச் சொல்லியிருந்தால் எத்தனை ராத்திரி நேரத்தோடு வீடு திரும்பியிருப்பேன்.

பூஜ்யத்தால் வகுத்தால் புரோகிராம் படுத்துக்கொள்கிறது. அதற்கு முன்பே, "ஆளே இல்லை, யாருக்குப் பங்கு?" என்று கேட்கும்படி ஒரு வரி சேர்த்தேன். பைத்தானுக்குத் தமிழில் தகராறு இல்லை. மொத்தத்திலும் எனக்குப் பிடித்த வரி அதுதான்.

மூன்றாம் நாள் சாயங்காலம் பால் கணக்கு 660.0 என்று வந்தது. மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். முந்தானையில் கையைத் துடைத்தபடி வந்து பார்த்தாள்.

"என்னங்க, நடுவுல மூணு நாள் திருச்சி போயிருந்தோமே, அதைக் கழிச்சுதா இது?"

கழிக்கவில்லை. 22, பெருக்கல், 27 என்று தட்டிக்கொண்டிருக்கும்போதே, "594. நேத்தே கொடுத்தாச்சு" என்று அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

திரையிலும் 594-தான். கூடவே ஒரு புள்ளி, ஒரு பூஜ்யம். அது என் பங்கு.